பரவையில் அடிக்கும் அலை

வேவ் பூல் என்று எல்லோரும் சொல்லும் அலைக்குளம், கடலில்லாத ஊர்களுக்காகவே உருவான ஏற்பாடு. மதுரை அப்படிப்பட்ட ஊர். எந்தத் திசையில் கிளம்பினாலும் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் கடல் கண்ணில் படும். ஊருக்கு நடுவே ஓடும் வைகையோ ஆண்டின் பெரும்பாலான நாட்கள் மணலும் புதருமாகத்தான் கிடக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். இந்த வறண்ட சமவெளியில், திண்டுக்கல் சாலையில், நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பரவையை ஒட்டி இருக்கிறது ‘அதிசயம்’ பொழுதுபோக்குப் பூங்கா. ராட்டினம், சறுக்கு என்று பலவும் அங்கே உண்டு. ஆனால் கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் போய்ச் சேர்ந்தால் எழுந்து வர மறுக்கும் இடம் அலைக்குளம்தான்.

பழங்காநத்தம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு வழி நேரானது. பைபாஸ் ரோட்டில் காளவாசலைக் கடந்து, வைகைப் பாலத்தில் ஏறி இறங்கி, பாத்திமா கல்லூரி, விளாங்குடி என்று போனால் பரவை வந்துவிடும். பேருந்தில் போகிறவர்கள் ஆரப்பாளையம் நிலையத்தில் வண்டி மாறிக்கொள்ளலாம். கோடையில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கீழே ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. அடுத்த சில கிலோமீட்டரில் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் மதுரையில் நீர்ப் பூங்காவைப் பற்றிப் பேசுவது அரைகுறையாகவே முடியும்.

வெயில் காலத்தில் தண்ணீரோடு விளையாடுவது மதுரைக்குப் புதிதில்லை. வையையில் புதுவெள்ளம் வந்ததும் ஊரே திரண்டு போய் நீராடியதைப் பாடும் பாடல்கள் பரிபாடலில் இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில், அழகர் வேடம் கட்டிய பக்தர்கள் ஆட்டுத்தோல் பையில் நீரை நிரப்பி அதன் சின்னக் குழாய் வழியே பீய்ச்சி அடிப்பது இன்றும் நடக்கிறது. வெயிலில் வந்த அழகரை ராமராயர் மண்டபத்தில் அந்த நீரால்தான் குளிர்விக்கிறார்கள். அன்றாட விளையாட்டுக்குக் கிணறும் கண்மாயும் இருந்தன. பழங்காநத்தத்தை அடுத்த மாடக்குளம் கண்மாய் போன்ற நீர்நிலைகளிலும், தோட்டத்துக் கிணறுகளிலும் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. தோட்டங்கள் வீட்டுமனையாகி, கிணறுகள் தூர்ந்து, கண்மாய்களில் சாக்கடை கலந்த பிறகு அந்தப் பழக்கம் அறுந்துபோனது. ஆகவே இன்று அலைக்குளத்தில் இறங்கும் கூட்டத்தில் பலருக்கு நீச்சல் தெரியாது. அலைக்குளத்தின் அமைப்பு, அதன் ஆபத்து, அதைக் காவல் காக்கும் முறை மூன்றையும் இந்த ஓர் உண்மையிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

பூங்காவுக்குள் போனதும் முதலில் வருவது உடைப் பிரச்சினை. தமிழ்நாட்டு நீர்ப் பூங்காக்களில் பொதுவாக நைலான், லைக்ரா போன்ற செயற்கை இழை உடை போட்டால்தான் தண்ணீரில் இறங்க விடுவார்கள். புடவை, வேட்டி, ஜீன்ஸ், பருத்திச் சட்டை எதுவும் ஆகாது. உடை இல்லாதவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் கடை பக்கத்திலேயே இருக்கும். இதை வருமானத்துக்கான தந்திரம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, காரணம் வேறு. பருத்தித் துணி நனைந்ததும் அதிலிருந்து நுண்ணிய பஞ்சிழை பிரிந்து ஃபில்டரை அடைக்கும். சாயம் போகும் துணி தண்ணீரையே நிறம் மாற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். அலையில் தடுமாறி விழுந்தவரின் காலில் நனைந்த புடவை சுற்றிக்கொண்டால், இடுப்பளவு நீரில்கூட எழுந்து நிற்பது கடினம். இறங்குவதற்கு முன் ஷவரில் குளிக்கச் சொல்வதும் இப்படித்தான். தலையில் வழிய வழிய எண்ணெய், உடம்பில் வியர்வை, முகத்தில் பவுடர் என்று ஆயிரம் பேர் அப்படியே இறங்கினால், கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் முழுவதும் அந்த எண்ணெயோடும் வியர்வையோடும் மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

சறுக்குகள் இளவட்டங்களுக்கு. உயரமும் தைரியமும் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அலைக்குளத்தின் தனிச்சிறப்பு, அதில் எல்லோருக்கும் இடம் உண்டு என்பது. கணுக்கால் நனையும் விளிம்பில் பாட்டி பேரனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முழங்கால் ஆழத்தில் பெண்கள் கைகோத்து நிற்பார்கள். கழுத்தளவு நீரில் கல்லூரிப் பையன்கள் டியூபில் மிதப்பார்கள். குளத்தின் வடிவமே இதற்கு வழி செய்கிறது. ஒரு பக்கம் உயர்ந்த சுவர், அங்கேதான் ஆழம் அதிகம். அங்கிருந்து தரை மெல்ல மெல்ல ஏறி, எதிர்ப்பக்கத்தில் கடற்கரை போலவே ஒன்றுமில்லாமல் முடிகிறது. படிக்கட்டு கிடையாது, விளிம்புச் சுவர் கிடையாது. சுவர்ப் பக்கம் குறுகியும் கரைப்பக்கம் அகன்றும் இருக்கும்படி பெரும்பாலான அலைக்குளங்களைக் கட்டுகிறார்கள். அலை விரிந்து பரவிச் சாதுவாக அடங்க அது உதவும்.

அலை எப்போதும் அடிப்பதில்லை. தண்ணீர் அசையாமல் கிடக்கும் நேரத்தில் குளம் பாதி காலியாக இருக்கும். சைரன் ஒலித்ததும் சறுக்கு வரிசையில் நின்றவர்கள்கூட ஓடிவருவார்கள். முதல் அலை ஓர் அடி உயரம்கூட இருக்காது. இரண்டாவது சற்றுப் பெரியது. ஏழெட்டு அலைக்குள் மொத்தக் குளமும் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொள்வார்கள், குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள். ஒவ்வோர் அலைக்கும் ஒரே குரலில் கூச்சல் எழும். பத்து நிமிடம் போல இது நடந்து, சுவருக்குப் பின்னால் இரைச்சல் நின்றதும் நீர் தானாக அடங்கும். கூட்டம் கரையேறும், சிலர் அடுத்த சைரனுக்காக அங்கேயே கிடப்பார்கள்.

அந்த இரைச்சல் வரும் இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் வரிசையாகக் கான்கிரீட் அறைகள் உண்டு. அறையின் அடிப்பக்கம் திறந்து குளத்தோடு சேர்ந்திருக்கும். மேல்பக்கம் காற்றுப் புகாதபடி மூடியிருக்கும். குப்புறக் கவிழ்த்த குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கியது போன்ற அமைப்பு அது. பெரிய புளோயர் அந்த அறைக்குள் காற்றை அடிக்கும். அழுத்தம் கூடியதும் அறைக்குள் இருக்கும் நீர் கீழே தள்ளப்பட்டு, அடிவழியாகக் குளத்துக்குள் பாயும். உடனே மேலே ஒரு வால்வு திறந்து காற்றை வெளியே விடும். தள்ளிய நீர் திரும்ப அறைக்குள் ஏறும். இரண்டு, மூன்று நொடிக்கு ஒரு முறை இந்தத் தள்ளலும் திரும்பலும் மாறி மாறி நடந்தால் குளத்தில் அலை கிளம்பிவிடும். இதற்கு ராட்சத அழுத்தம் எதுவும் வேண்டியதில்லை. அறைக்குள் நீரை அரை மீட்டர் கீழே இறக்க, நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் போதும். எல்லா அறையும் ஒரே நேரத்தில் தள்ளினால் நேர்கோட்டு அலை. ஓர் அறை விட்டு ஓர் அறை தள்ளினால் அலைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்சதுரக் கட்டங்களாக எழும். இடமிருந்து வலமாக வரிசையாகத் தள்ளினால் சாய்வான அலை. சுவருக்குப் பின்னால் இயந்திரத்தை இயக்குபவர் இதையெல்லாம் பொத்தானில் மாற்றுகிறார்.

ஆழமான இடத்தில் நிற்பவரை அலை தூக்கி இறக்கும், அவ்வளவாகத் தள்ளாது. அங்கே தண்ணீர் முன்னேறுவதில்லை; வட்டமடித்துப் பழைய இடத்துக்கே வருகிறது. நீரின் வழியே கடந்து போவது ஆற்றல் மட்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அந்த அலை நொடிக்கு நான்கு மீட்டர் அளவு வேகத்தில் ஓடும். தரை மேடாகி ஆழம் அரை மீட்டராகக் குறையும்போது வேகமும் இரண்டு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். முன்னால் போவது வேகம் குறைய, பின்னால் வருவது அதன் மேல் ஏற, அலை உயர்ந்து நுரைத்து உடைகிறது. உடையும் அலை மட்டும் நிஜமாகவே தண்ணீரைத் தள்ளும். அதனால்தான் ஆழத்தில் மிதப்பவர் சுகமாக இருக்க, மார்பளவு நீரில் நிற்பவர் கால் வாரி விழுகிறார். நீச்சல் தெரியாதவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து நிற்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

செயற்கை அலை நூற்றைம்பது ஆண்டுப் பழமையான ஆசை. ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட இரண்டாம் லுட்விக் மன்னர், லிண்டர்ஹோஃப் அரண்மனைத் தோட்டத்தில் 1876–77இல் ஒரு செயற்கைக் குகை கட்டி, அதன் நடுவிலிருந்த குளத்தில் அலை எழுப்ப இயந்திரம் வைத்தார். அது அவர் ஒருவருக்கான அலை. பொதுமக்கள் காசு கொடுத்துக் குளிக்கும் அலைக்குளம் அதே நாட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ராடபோயில் நகரில் 1912இல் நிறுவிய அலை இயந்திரம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஓடியது. ஹங்கேரியின் புடாபெஸ்டில் கெல்லர்ட் குளியல் மாளிகை 1927இல் அலைக்குளம் கட்டியது.

இன்றைய நீர்ப் பூங்காக்களுக்கு நேரான முன்னோடி அமெரிக்கப் பாலைவனத்தில் பிறந்தது. அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் 1969இல் திறந்த ‘பிக் சர்ஃப்’ அது. ஃபில் டெக்ஸ்டர் என்ற பொறியாளர், கடல் பார்க்காத பாலைவனத்துப் பிள்ளைகளும் பலகை வைத்து அலைச்சறுக்கு ஆட வேண்டும் என்று அதை வடிவமைத்தார். காற்றறை முறை அங்கே இல்லை. உயரமான தொட்டிக்குத் தண்ணீரை பம்பு வைத்து ஏற்றி, அடியில் உள்ள கதவுகளைத் திறந்து ஒரே நேரத்தில் கொட்டினார்கள். அப்படிக் கொட்டிய நீர் ஐந்தடி வரை அலையாக எழுந்தது. குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 95 லட்சம் லிட்டர். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2013இல் அதை வரலாற்றுச் சிறப்புமிக்க பொறியியல் சின்னமாக அறிவித்தது. 2019 பருவத்துக்குப் பிறகு அது திறக்கவே இல்லை. சறுக்கு, அலைக்குளம், டியூபில் மெல்ல மிதந்து போகும் ‘சோம்பேறி ஆறு’ எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்து, ஒரே டிக்கெட்டில் விற்கும் முறையை 1977இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ‘வெட் அன் வைல்ட்’ பூங்காவைத் தொடங்கிய ஜார்ஜ் மில்லே நிலைநாட்டினார். உலகின் மிகப் பெரிய அலைக்குளம் என்று கின்னஸ் பதிவு பெற்றது பாங்காக்கின் சியாம் பார்க்; பரப்பு 13,600 சதுர மீட்டர், அதாவது மூன்று ஏக்கருக்கு மேல்.

தமிழ்நாட்டுக்கு இந்த அலை 1990களில் வந்தது. மலையாளத் திரையுலகின் நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் பக்கத்தில் திறந்த கிஷ்கிந்தா, ஒரு தலைமுறைப் பள்ளிச் சுற்றுலாக்களின் முகவரியாகவே ஆனது. நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தின் பிளாக் தண்டர் கொங்கு நாட்டுக்கு அதே வேலையைச் செய்தது. கொச்சியில் 2000இல் வீகாலாண்ட், பெங்களூருக்கு அருகே பிடதியில் 2005இல் வொண்டர்லா என்று அண்டை மாநிலங்களிலும் பெருகி, சென்னைக்கு வெளியேயும் 2025 டிசம்பரில் வொண்டர்லா வந்துவிட்டது. தென்மாவட்டக்காரர்கள் பரவையில் பூங்கா வரும்வரை தண்ணீரைத் தேடிக் குற்றாலத்துக்கும் சுருளிக்கும் கும்பக்கரைக்கும், வாடிப்பட்டிக்கு அருகே குட்லாடம்பட்டி அருவிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அருவியில் தண்ணீர் வருமா வராதா என்பது மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தது. பரவையின் அலைக்கு அந்தச் சந்தேகம் இல்லை. மே மாத உச்சி வெயிலிலும் சைரன் ஒலிக்கும்.

அருவிக்கும் அலைக்குளத்துக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. அருவித் தண்ணீர் விழுந்து ஓடிவிடும். குளத்துத் தண்ணீர் அங்கேயே நிற்கும், நேற்று குளித்தவர்களின் அழுக்கும் அதிலேயே இருக்கும். அதைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் பூங்கா நடத்துபவரின் முதல் வேலை. எத்தனை சறுக்கு இருக்கிறது என்பது அதற்கு அப்புறம். ஒரு கணக்குக்காக, 1,000 சதுர மீட்டர் பரப்பும் சராசரி ஒரு மீட்டர் ஆழமும் உள்ள அலைக்குளத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் பிடிப்பது 10 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 80 லோடுக்கு மேல். இந்த நீர் முழுவதும் மணல் ஃபில்டர் வழியாகச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டு நீச்சல் குளத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று போதும். கூட்டம் நெரியும் அலைக்குளத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பது நல்ல நடைமுறை. மணிக்கு 5 லட்சம் லிட்டர் ஓடினால்தான் இது நடக்கும்.

வடிகட்டினால் அழுக்கு போகும், கிருமி போகாது. அதற்குக் குளோரின். பத்து லட்சம் லிட்டரில் ஒரு கிலோ குளோரின் கரைந்திருந்தால் அதை ஒரு பிபிஎம் என்பார்கள். எந்த நேரத்திலும் ஒன்று முதல் மூன்று பிபிஎம் வரை தண்ணீரில் இருக்க வேண்டும். அமில காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8க்குள் நிற்க வேண்டும். மதுரை வெயிலில் இது சவாலான வேலை. சூரிய ஒளியில் குளோரின் வெகு வேகமாகச் சிதைந்துவிடும். பாதுகாப்பு மருந்து கலக்காத குளத்தில் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியைத் தின்றுவிடும். சயனூரிக் அமிலம் சேர்த்தால் இந்த இழப்பு குறையும், கூடுதலாகச் சேர்த்தால் குளோரினின் வீரியமே குறையும். இந்தச் சமவெளியின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு குழாயிலும் ஃபில்டரிலும் படியும் தொல்லை வேறு. காலையில் மருந்து போட்டுவிட்டு மாலை வரை திரும்பிப் பார்க்காத குளம், மதியம் இரண்டு மணிக்கு வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் மருந்து வாடை வந்தால், குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து குளோரின் வேறு பொருளாக மாறும்போதுதான் அந்த வாடையும் கண் எரிச்சலும் வருகின்றன. நல்ல குளத்தில் வாடை லேசாக இருக்கும். கழுத்தாழத்தில் தரையின் கோடுகூடத் தெளிவாகத் தெரியும். சரியாகக் குளோரின் கலந்த நீரில் பெரும்பாலான கிருமிகள் நிமிடங்களில் செத்துவிடும். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஒரு வாரத்துக்கும் மேல் அதில் தாக்குப்பிடிக்கும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தையை, நின்று இரண்டு வாரம் ஆகும் வரை எந்தக் குளத்திலும் இறக்கக் கூடாது என்பது இதனால்தான். நீச்சல் குள நீரின் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 3328 என்ற தரநிலையை வைத்திருக்கிறது.

இனி தண்ணீர்க் கணக்கு. வறண்ட ஊரில் இவ்வளவு நீரை விளையாட்டுக்கு வைத்திருப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது, அதற்கு எண்களைக் கொண்டே பதில் சொல்லலாம். அதே 1,000 சதுர மீட்டர் குளத்திலிருந்து கோடை நாளில் 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 7,000 லிட்டர் போகும். நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலில் இது ஐம்பது பேருக்கான தண்ணீர். ஃபில்டரைக் கழுவுவதற்கும், உடையோடு வெளியேறுவதற்கும், தெறித்து வீணாவதற்கும் இன்னும் ஒரு பங்கு. ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால் ஓர் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் ஆகிறது. அந்த நீரில் இந்தக் குளத்தை ஏறத்தாழ ஐந்து முறை நிரப்பலாம். நெல் சோறு போடுகிறது, குளம் போடுவதில்லை என்பது சரிதான். ஆனாலும் ஒழுங்காகச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் குளம், வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கும் அளவுக்குத் தண்ணீரைக் குடிப்பதில்லை. சுத்திகரிப்பில் மிச்சம் பிடித்துவிட்டு, கலங்கியதும் மொத்தத்தையும் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பும் குளம்தான் ஊரின் நிலத்தடி நீரை உறிஞ்சும். அந்த நீர் பக்கத்து வீடுகளின், வயல்களின் போர்வெல்லுக்கும் பொதுவானது.

பதிலின் மறுபாதி மழையில் இருக்கிறது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 34 லட்சம் லிட்டர். அதில் பாதியைப் பிடித்தாலே மேற்சொன்ன குளத்தை நிரப்பி, இரண்டு மாதக் கோடையின் ஆவியாதலையும் ஈடுகட்டி, மீதமும் இருக்கும். பூங்காக்களுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கிறது, கூரை இருக்கிறது, சிமெண்டுத் தரை இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கினார்கள். வீட்டுக்காரரைவிட இதை முழு மனதோடு செய்ய வேண்டியவர்கள் நீரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள். ஐப்பசியில் பெய்ததைச் சித்திரைக்குச் சேர்த்துவைப்பது கண்மாய் வெட்டிய இந்த மண்ணுக்குத் தெரிந்த வித்தைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் உயிர். அலைக்குளம் சறுக்கைவிடச் சாதுவாகத் தோன்றும். ஆனால் நீர்ப் பூங்காக்களில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் அதுதான். சறுக்கில் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். குளத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள், நீர் கலங்கி நுரைத்திருக்கிறது, மேலே டியூபுகள் மறைக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த ஆக்ஷன் பார்க்கின் அலைக்குளத்தில் 1982இலும் 1987இலும் இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். சீனாவின் ஜிலின் மாகாணத்தில் 2019 ஜூலையில் ஓர் அலை இயந்திரம் கோளாறாகி, வழக்கத்தை மீறி எழுந்த அலை 44 பேரைக் காயப்படுத்தியது.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்பது சினிமா. நிஜத்தில் அவர் சத்தமே போட மாட்டார். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அரை நொடியில் மூச்சிழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த இருக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் பக்கவாட்டில் நீரை அமுக்கிக்கொண்டிருக்கும், உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும். சுற்றிலும் எல்லோரும் கூச்சலிட்டு ஆடும்போது, இது விளையாட்டு போலவே தெரியும். இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் ஆள் நீருக்குள் போய்விடுவார். இதனால் உலகெங்கும் பல பூங்காக்கள் லைஃப் கார்டுகளுக்கு ஓர் இலக்கு வைக்கின்றன. தன் பொறுப்பில் உள்ள பகுதியில் ஆபத்தில் இருப்பவரைப் பத்து நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த இருபது நொடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். உயரமான நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும் அந்த இளைஞரின் கண், இடமிருந்து வலமாகவும் மேலிருந்து அடித்தரை வரையிலும் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்க வேண்டும். வெயிலில் இந்த வேலையை மணிக்கணக்கில் ஒரே ஆளால் செய்ய முடியாது. அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாற்றுவது, நிழற்குடை, குடிநீர் எல்லாம் அவசியம். அலையை நடுநடுவே நிறுத்துவதற்கும் ஒரு காரணம் இதுதான்: நீர் அடங்கியதும் அடித்தரை முழுவதையும் ஒரு முறை பார்த்துவிடலாம். மின்சாரச் செலவு குறைவது கூடுதல் லாபம்.

லைஃப் கார்டு இருக்கிறார் என்று கரையில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது. டியூப் மிதக்கும் பொருள், உயிர்காக்கும் கருவி அல்ல. அலை கவிழ்த்துவிட்டால் பிள்ளை தலைகீழாக அதற்குள் மாட்டிக்கொள்ளும். சரியான அளவில் மாட்டிய லைஃப் ஜாக்கெட் வேறு. வயிறு நிறையச் சாப்பிட்டதும், மது அருந்தியும் இறங்குவது கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும்போது வியர்ப்பது தெரியாது, ஆனால் உடம்பு நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். மணிக்கு ஒரு முறை குழந்தைகளை வெளியே கூப்பிட்டு மோரோ தண்ணீரோ கொடுத்து, நிழலில் கொஞ்சம் உட்கார வைத்தால் மாலையில் தலைவலி, வாந்தி என்று அவதிப்பட வேண்டியிருக்காது. காலை பத்தரைக்குள் போய், உச்சி வெயிலில் கூரையடியில் ஒதுங்கி, மூன்று மணிக்கு மேல் மீண்டும் இறங்குவது மதுரைக் கோடைக்குப் பொருத்தமான திட்டம்.

டிக்கெட் வாங்கும்போதே கேட்கலாம்: இன்று காலை குளோரின் எவ்வளவு, மதியம் எத்தனை மணிக்கு மறுபடி பார்ப்பீர்கள், அலை ஓடும்போது குளத்தைச் சுற்றி எத்தனை லைஃப் கார்டுகள் நிற்பார்கள். இவற்றைக் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே எல்லாப் பூங்காக்களும் எழுதிப்போட வேண்டும். பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால் எழுதிப்போடுவார்கள். மதுரை ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க வளாகத்தில் அரசு நீச்சல் குளம் இருக்கிறது, கோடையில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. பழங்காநத்தத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ பிள்ளைகளை அலைக்குளத்துக்குக் கூட்டிப்போக நினைக்கும் பெற்றோர், முதலில் அங்கே சேர்த்து நீச்சல் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.